தொடர்பு அறுந்த நாற்பது நிமிடங்கள்

வாசகர் கேள்வி:

மட்டக்களப்பு மாவட்டத்தில் உளவளத்துணையாளராகப் பணிபுரிகிறேன். 2019 உயிர்த்த ஞாயிறு தேவாலயக் குண்டுத்தாக்குதலில் உயிர்தப்பிய ஒரு பெண்மணிக்கு 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து மனவடுச் சிகிச்சை அளித்து வருகிறேன். அன்று அவர் தம்மோடு அழைத்துச் சென்ற பெறாமகன், அதாவது அவருடைய அக்காவின் மகன், உயிரோடு திரும்பவில்லை. நேரில் ஏழு அமர்வுகள் முடிந்து, அந்தக் காலைப்பொழுதைப் பற்றி அவர் வாய்திறக்கத் தொடங்கிய நேரத்தில், மே 21ஆம் திகதி இரவு முதல் கொவிட் பயணக்கட்டுப்பாடு வந்துவிட்டது. கைத்தொலைபேசியில் தொடர்ந்தேன். மூன்றாவது அழைப்பில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று மௌனமானார். அடுத்துத் தொடர்பும் அறுந்தது. நாற்பது நிமிடங்களுக்குப் பிறகே மீண்டும் பேச முடிந்தது. 'இனிமேல் பொதுவாகச் சுகம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்' என்று என் மேற்பார்வையாளர் சொல்கிறார். அந்தப் பெண்மணியோ, 'வெளியே போகத் தேவையில்லாததால் இப்போது எனக்கு நல்ல சுகம்' என்கிறார். நான் சிகிச்சையை நிறுத்த வேண்டுமா? என் தவறு எங்கே? இவற்றையெல்லாம் நான் என் படுக்கையறையில் இருந்துதான் கேட்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்தப் பெண்மணியை அயலார் அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய விவரங்களை உங்கள் கடிதத்திலிருந்து நீக்கிவிட்டே மேலே தந்திருக்கிறேன். சிகிச்சையை நிறுத்த வேண்டாம். ஆனால் பயணக்கட்டுப்பாட்டுக்கு முன்பு நேரில் எந்த இடத்தில் விட்டீர்களோ, அதே இடத்திலிருந்து அதே வேகத்தில் தொலைபேசியில் தொடரவும் வேண்டாம்.

தொலைவில் இருந்து மனவடுச் சிகிச்சை செய்வது கொவிட் காலத்தில் திடீரென்று பிறந்த ஒன்றன்று. ஹவாய்த் தீவுகளில் சிதறி வாழும் முன்னாள் படையினருக்குச் சிகிச்சையாளர் கடல் கடந்து போக முடியாத நிலையில், மனதில் உறைந்த எண்ணங்களைக் கேள்விக்கு உட்படுத்தும் சிந்தனைச் சீராக்கச் சிகிச்சையைக் காணொளி வழியாகவே குழுவாக அளித்து, அதன் பயன் நேரில் அளிப்பதற்குக் குறையவில்லை என்று லெஸ்லி மோர்லண்டும் அவருடைய குழுவினரும் 2014இல் காட்டினார்கள். 2017இல் ரொன் அசியர்னோவின் குழு 132 முன்னாள் படையினரை வைத்து, எட்னா ஃபோவா வகுத்த நீடித்த வெளிப்படுத்தற் சிகிச்சையை, அதாவது நடந்ததைத் திரும்பத் திரும்ப விரிவாகச் சொல்ல வைத்து அச்சத்தைத் தணிக்கின்ற, நீங்கள் இப்போது செய்கின்ற அதே முறையை, வீட்டுக்கே காணொளியில் கொண்டுபோய்ப் பார்த்தது. அங்கும் முடிவு ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. ஆகவே தொலைவு என்ற ஒன்றே சிகிச்சையைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்தை நீங்கள் ஒதுக்கி வைக்கலாம். ஒதுக்கி வைக்கக் கூடாத வேறுபாடு ஒன்று உண்டு. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசினார்கள். அப்படிப்பட்ட சிகிச்சையில், தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்ற திட்டத்தை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது வழக்கம். உங்களிடம் இருந்தது ஒரு குரல் மட்டும்.

நம்முடைய மண்ணிலும் நினைத்துப் பார்க்க ஒரு முன்னனுபவம் இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் முகாம்களில் வேலை செய்தவர்களுக்கு நான்கு சுவரும் கதவும் ஒருபோதும் வாய்க்கவில்லை. கூடாரத்துக்குள் பேசினால் பக்கத்துக் கூடாரத்துக்குக் கேட்கும் என்பதால், வாவிக்கரையில் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி உட்கார்ந்து பேசிய அமர்வுகளே எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன. முகம் பாராமல் பேசியது சிலருக்கு உதவியாகவே இருந்தது என்பதை அப்போதே கவனித்தேன். இன்னொன்றையும் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்மவர்கள் சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகளோடு தொலைபேசியில்தான் சாவீட்டை நடத்தியிருக்கிறார்கள். அழுகை கேட்கும்படி தொலைபேசியைப் பெட்டியின் அருகே பிடித்துக்கொண்டு நின்ற உறவினரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொலைபேசியில் துயரைப் பகிர்வது நம் பெண்களுக்குப் புதிதல்ல. அந்தப் பழக்கத்தின் மேல்தான் நீங்கள் கட்டப்போகிறீர்கள்.

உங்கள் தவறு எங்கே என்று கேட்டீர்கள். நேரில் அமரும்போது நீங்கள் அறியாமலே செய்துவந்த பல வேலைகளைத் தொலைபேசியில் யாரும் செய்யவில்லை. கதவைச் சாத்துவது, நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போடுவது, தண்ணீர்ப் போத்தலை எட்டும் தூரத்தில் வைப்பது, அவர் கால்விரல்கள் செருப்புக்குள் சுருங்குவதைக் கண்டதும் பேச்சைச் சற்று மெதுவாக்குவது ஆகிய எல்லாமே சிகிச்சையின் பகுதிகள்தாம். அவற்றை எல்லாம் கழித்துவிட்டுக் கதையை மட்டும் கேட்டதால், ஆழத்துக்குப் போகும் வழி இருந்தது, திரும்பி வரும் வழி இல்லாமல் போனது. எனவே அடுத்த மூன்று அல்லது நான்கு அழைப்புகளில் அந்தக் காலைப்பொழுதைத் தொடவே வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் மனவடுவிலிருந்து மீள்வதை மூன்று கட்டங்களாகப் பிரித்தபோது, பாதுகாப்பை முதலில் வைத்தார். நினைவுகூர்தல் இரண்டாவதாகத்தான் வருகிறது. நேரில் ஒருமுறை கட்டிய பாதுகாப்பு தொலைபேசிக்குத் தானாக இடம்பெயராது. அதைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

எப்படிக் கட்டுவது? ஒவ்வோர் அழைப்பின் தொடக்கத்திலும், சலிப்பாகத் தோன்றினாலும் விடாமல், இப்போது எங்கே இருக்கிறீர்கள், வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், இன்னும் எவ்வளவு நேரம் உங்களுக்குத் தனிமை கிடைக்கும், மின்கலத்தில் எவ்வளவு மின்னேற்றம் இருக்கிறது என்று கேளுங்கள். தொடர்பு அறுந்தால் நீங்கள்தான் திருப்பி அழைப்பீர்கள், அவர் அழைக்க முயல வேண்டாம் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் அழைத்தால் இருவருக்கும் 'இணைப்பில் இருக்கிறார்' என்றே வரும், அந்த நிமிடங்கள் அவருக்குத் தனிமையின் உச்சமாக இருக்கும். நீங்கள் திருப்பி அழைக்க முடியாமற் போனால் யாரைத் தொடர்புகொள்வது என்பதற்கு ஒரு மூன்றாம் நபரை அவரே தெரிவு செய்து, அந்த எண்ணைப் பயன்படுத்த உங்களுக்குச் சம்மதம் தர வேண்டும். மாமியார் அதற்குப் பொருத்தமில்லாமல் இருக்கலாம். பயணக்கட்டுப்பாட்டிலும் வீடுவீடாகச் செல்கின்ற குடும்பநல உத்தியோகத்தர் பல கிராமங்களில் நம்பிக்கைக்குரியவராக இருப்பார். நடந்த கதை அந்த உத்தியோகத்தருக்குத் தெரிய வேண்டியதில்லை, 'அக்காவை ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்' என்ற வேண்டுகோளே போதும்.

தனிமையைப் பற்றி நம் பாடநூல்கள் எழுதுவது பெரும்பாலும் தனியறை உள்ள வீடுகளை நினைத்துத்தான். இரண்டு அறையும் ஐந்து பேரும் உள்ள வீட்டில், பிள்ளைகளின் இணையவழி வகுப்புக்கும் அதே ஒரு கைத்தொலைபேசிதான் என்றால், அவருக்குத் தனிமை கிடைப்பது கிணற்றடியிலோ, வேலியோரத்து முருங்கைக்குக் கீழேயோ, மற்றவர்கள் மதியம் சாய்ந்திருக்கும் முக்கால் மணி நேரத்திலோதான். அந்த முக்கால் மணி நேரத்துக்கு ஏற்ப அமர்வைச் சுருக்குங்கள்; 90 நிமிட அமர்வை அங்கே திணிக்காதீர்கள். யாராவது பக்கத்தில் வந்துவிட்டால் பேச்சை மாற்றுவதற்கு ஓர் அன்றாடச் சொற்றொடரை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த ஒருவர் 'உலை கொதிக்குது' என்பார்; உடனே நான் ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்கு மாறிவிடுவேன். வீட்டுக்குள் வன்முறை இருக்கிறதா என்பதையும் அப்படிப்பட்ட கேள்விகளால்தான் அறிய முடியும். ஊரடங்கு நாட்களில் அடிப்பவரும் வீட்டிலேயே இருக்கிறார் என்பதை எப்போதும் மனதில் வைத்திருங்கள்.

இனி அந்த மௌனம். கடுமையான நினைவின் நடுவே மனம் உடலை விட்டு விலகி நிற்கின்ற நிலையை நேரில் கண்கள் காட்டிக்கொடுக்கும். தொலைபேசியில் காதுதான் பிடிக்க வேண்டும். 'போனேன், பார்த்தேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று 'புகை வருது, அவன்ட கை இல்ல' என்று நிகழ்காலத்துக்கு மாறுவது, குரல் ஒரே தட்டையாகிப் போவது அல்லது சின்னப்பிள்ளையின் குரலாவது, மூச்சு கேட்காமற் போவது, உங்கள் கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான இடைவெளி நீண்டுகொண்டே செல்வது ஆகியவற்றைக் கவனித்தீர்களானால், தொடர்பு அறுவதற்கு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு முன்பே அவர் அங்கே போய்விட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வேளையில் 'அடுத்து என்ன நடந்தது' என்று கேட்கக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கொஞ்சம் உரத்தே. இன்று என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறீர்கள், உள்ளங்காலுக்குக் கீழே மண்ணா சீமெந்தா, குளிரா சூடா என்று கேளுங்கள். அமர்வு தொடங்கும்போதே ஒரு தேசிக்காயை வெட்டிப் பக்கத்தில் வைத்திருக்கச் சொன்னால் அதை முகரச் சொல்லலாம். இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்து மாறிமாறித் தட்டுகின்ற 'வண்ணத்துப்பூச்சி அணைப்பு' 1990களின் இறுதியில், மெக்சிகோவின் அகாபுல்கோவைப் புயல் அழித்த பின்பு, அங்கே சிறுவர்களோடு வேலை செய்த லூசினா ஆர்ட்டிகாஸ் உருவாக்கியது. சிகிச்சையாளரின் கை தேவைப்படாததால் தொலைபேசிக்கு மிகவும் ஏற்றது. பதற்றத்தின் அளவைக் கேட்பதற்கு நாம் வழக்கமாக 0 முதல் 100 வரை ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வோம். எண்கள் பிடிபடாதவர்களிடம் சிலர் 'தண்ணீர் முழங்கால் அளவா, கழுத்தளவா' என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன். சுனாமியைக் கண்ட கரையில் தயவுசெய்து அந்த உவமையை எடுக்காதீர்கள். அடுப்புத் தீயின் அளவைக் கேட்பதும் இவரிடம் ஆகாது. எத்தனையாவது படியில் நிற்கிறீர்கள் என்று கேட்கின்ற படிக்கட்டு உவமை போதும்.

பாதுகாப்பு உறுதியான பிறகு நடந்ததை மறுபடி வாழ்ந்து பார்ப்பதிலிருந்து தொடங்காமல், அவர் மனதில் உறைந்துபோன எண்ணத்திலிருந்து தொடங்குமாறு உங்களுக்குச் சொல்வேன். 'நான்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்' என்பது உங்கள் கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் எழுதாமல் எழுதியிருக்கும் வாக்கியம். பட்ரீசியா ரெசிக் வகுத்த சிந்தனைச் சீராக்கச் சிகிச்சை இத்தகைய எண்ணங்களைத்தான் நேராக எடுத்துக்கொள்கிறது. சாதாரணமாக 12 அமர்வுகள். காட்சிகளை விரிவாகச் சொல்லாமலே அதைச் செய்ய முடியும் என்பதாலும், ஒரு கொப்பியும் பேனாவும் இருந்தால் போதும் என்பதாலும் தொலைபேசிக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. தேவாலயத்துக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லும்போது அவருக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்திருக்க முடியாது, குண்டை உடலில் கட்டிக்கொண்டு வந்தவன் யார், அன்று அந்தத் தேவாலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்த மற்றத் தாய்மாரையும் அவர் குற்றவாளிகள் என்பாரா என்ற கேள்விகளை நீங்கள் அவசரமின்றிக் கேட்க வேண்டும். 'உங்களில் பிழையில்லை' என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள். ஊரே அதைச் சொல்லிவிட்டது. அது அவருக்கு உதவவில்லை. பிள்ளையைப் பெற்ற அக்காவின் முகத்தை அவரால் இப்போது பார்க்க முடிகிறதா என்பதையும் ஒருநாள் கேளுங்கள். இழப்பின் துயரும் மனவடுவும் ஒன்றல்ல, ஆனால் இந்த வீட்டில் இரண்டும் ஒரே பாயில் படுத்திருக்கின்றன.

'வெளியே போகத் தேவையில்லாததால் நல்ல சுகம்' என்பதை நம்பலாமா? அவர் பொய் சொல்லவில்லை. கூட்டம், மணியோசை, பையோடு வருகின்ற அந்நியர் எல்லாவற்றையும் விலக்கி வைப்பதற்கு முன்பு அவர் சாக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அரசாங்கமே வீட்டில் இருக்கச் சொல்கிறது. மனவடு விலகலைத் தின்றுதான் வளர்கிறது. ஆகவே இந்தச் சுகம் கட்டுப்பாடு தளர்கின்ற நாளில் கடனாகத் திரும்பி வரும். 2020இல் உயிர்த்த ஞாயிறும் தாக்குதலின் முதலாம் ஆண்டும் ஊரடங்குக்குள்ளேயே வந்து போனபோது, நான் கவனித்தவர்களில் பலர் அந்த ஏப்ரலை அமைதியாகக் கடந்தார்கள். தேவாலயக் கதவுகள் திறந்த பிறகுதான் அவர்களுக்கு உறக்கம் கெட்டது. எனவே வீட்டிலிருந்தபடியே சிறு சிறு படிகளை இப்போதே தொடங்குங்கள். தொலைக்காட்சியில் திருப்பலியின் ஒலியைக் குறைத்துவைத்து ஐந்து நிமிடம் பார்ப்பது, பிறகு ஒலியோடு பார்ப்பது, மணியோசையின் பதிவைப் பகலில் கேட்பது, பெறாமகனின் படத்தை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைப்பது என்று போகலாம். பீசீஆர் பரிசோதனைக்கோ தனிமைப்படுத்தலுக்கோ சீருடையோடு ஆட்கள் வாசலுக்கு வரக்கூடும் என்பதையும் முன்னரே பேசி வைத்தால், அந்த நாள் வந்தால் அது திடீர் அதிர்ச்சியாக இராது.

உங்கள் மேற்பார்வையாளரின் அறிவுரையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நாற்பது நிமிடம் ஒருவரைத் தொலைத்தவர் சொல்வதைக் கேட்ட எவரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் சுகம் விசாரிப்போடு நிறுத்துவது பல வேளைகளில் நம்முடைய விலகல். நடுவில் நின்றுபோன கதையை யாரும் மறுபடி கேட்காவிட்டால், 'நான் சொன்னது அவராலும் தாங்க முடியாத ஒன்று' என்றே அவர் புரிந்துகொள்வார். அதே நேரம் மூச்சுப் பயிற்சியிலும் தளர்வுப் பயிற்சியிலும் சில வாரங்கள் தங்குவதை இரண்டாந்தரச் சிகிச்சையாக எண்ணாதீர்கள். போரையும் சுனாமியையும் கண்ட நம் வடகிழக்குச் சிறுவர்கள் 31 பேருக்கு, உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆசிரிய உளவளத்துணையாளர்களைக் கொண்டு ஆறு அமர்வுகளில், ஒரு பகுதியினருக்குக் கதைகூறல் வழிச் சிகிச்சையும் மற்றப் பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் அளித்துப் பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. இரு பகுதியினரும் நன்றாகவே தேறினார்கள்.

நடைமுறைக் கவனம் ஒன்று. நீடித்த வெளிப்படுத்தற் சிகிச்சையில் அமர்வைப் பதிவுசெய்து நாள்தோறும் கேட்கக் கொடுப்பது வழக்கம். பிள்ளைகள் வகுப்புக்குப் பயன்படுத்தும் தொலைபேசியில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். வாட்ஸ்அப் குரற்பதிவாக அவர் எதையாவது அனுப்பினால், கேட்டபின் இரு பக்கமும் அழித்துவிடுமாறு சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை கணிதப் பாடத்தைத் தேடும்போது தாயின் அழுகையைக் கண்டெடுக்கக் கூடாது. கொப்பியில் எழுதுவதையும் அவர் பாதுகாப்பாக வைக்க முடியாவிட்டால், உங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கிழித்துப்போடட்டும்.

தற்கொலை எண்ணம் திட்டமாக மாறியிருந்தால், வீட்டில் அடி இருந்தால், அல்லது மேலே சொன்ன, மனம் உடலை விட்டு விலகி நிற்கின்ற நிலை ஒவ்வோர் அழைப்பிலும் வந்து நெடுநேரம் கலையாமல் இருந்தால், நினைவுகளைத் தொலைவிலிருந்து தொடாதீர்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்பிவைத்து, நீங்களும் தொடர்பில் இருங்கள். பயணக்கட்டுப்பாட்டில் நோயாளியை அழைத்துவர 1990 அம்புலன்ஸ் இருக்கிறது. இரவில் பேசுவதற்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926, பெண்கள் மீதான வன்முறைக்கு 1938. இந்த மூன்று எண்களையும் அவர் தம் கையாலேயே கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கட்டும்.

உங்கள் படுக்கையறையை இதற்கு இனிப் பயன்படுத்தாதீர்கள். இதைக் கட்டளையாகவே சொல்கிறேன். 2020 ஊரடங்கில் நானும் கட்டிலில் சாய்ந்துகொண்டே இரண்டு மாதம் கேட்டேன். பிறகு அந்தச் சுவர்களுக்குள் உறங்க முடியாமல் போய், மழைக்காலத்திலும் விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தேன். சமையலறை மூலையோ, நிறுத்தி வைத்த முச்சக்கரவண்டியோ பரவாயில்லை. அழைப்பு முடிந்ததும் அடுத்த வேலைக்குப் போகாமல், கைகால் கழுவி, வளவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போங்கள். ஒரு நாளில் இப்படிப்பட்ட அமர்வு இரண்டுக்கு மேல் வேண்டாம். உங்களைப் போல வேலை செய்யும் இன்னொரு உளவளத்துணையாளரோடு வாரம் ஒருமுறை பேசுவதற்கு நேரம் குறியுங்கள்.

அடுத்த அழைப்பில் முதலில் பேச வேண்டியது அந்த நாற்பது நிமிடங்களைப் பற்றித்தான். 'அன்றைக்கு லைன் போன பிறகு நீங்கள் எங்கே இருந்தீர்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பின், நீங்கள் எத்தனை முறை திருப்பி அழைத்தீர்கள் என்பதையும், மறுமுனையில் நீங்கள் என்ன நிலையில் இருந்தீர்கள் என்பதையும் அளவாகச் சொல்லுங்கள். பிறகு, அந்த நாற்பது நிமிடத்தை அவர் எப்படியோ கடந்து வந்திருக்கிறார் அல்லவா, எதைப் பிடித்துக்கொண்டு கடந்தார் என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் அள்ளி முகத்தில் அடித்த தண்ணீராக இருக்கலாம், மகளின் தலைமுடியாக இருக்கலாம். எதுவானாலும், அதற்கடுத்த அழைப்பு தொடங்கும்போது அது அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.